மின்வண்டியின் சேமக்கலம்

கையிருப்பை அறிந்து செலவிடுதல் இல்லறத்தார்க்கு மட்டுமன்று, மின்வண்டி ஓட்டுவோர்க்கும் உரிய விதியாகும். பணப்பையிலுள்ள காசை எண்ணிவிடலாம். சேமக்கலத்தினுள் எஞ்சி நிற்கும் மின்சாரத்தையோ கண்ணாற் காணவும் கையால் எண்ணவும் இயலாது; சில குறிகளைக் கொண்டே உய்த்துணர வேண்டும். அக்குறிகளைப் படிக்கும் முறையை மாணவ நண்பர்களுக்கு விளக்குவதே இவ்வியாசத்தின் நோக்கம்.

கோல்ப் ஆடுவோரைச் சுமந்து செல்லும் பொருட்டுத் தோன்றிய சிறு மின்வண்டி, இன்று ஆடுகளத்தை விட்டு வெகுதூரம் வந்துவிட்டது. வண்டலூர் உயிரியற் பூங்காவில் காட்சி காண வருவோரை அது ஏற்றிச் செல்லுகின்றது. சென்னை சென்ட்ரல் நிலையத்தில் முதியோரைப் புகைவண்டியருகே கொண்டு சேர்க்கின்றது. பாகூர்க் கொம்யூனைச் சார்ந்த கடலோரச் சிற்றூராகிய பனித்திட்டு எமது ஊர். வலைத்தொழிலை விட்ட எம் பெரியப்பா, அருகிலுள்ள விருந்தினர் விடுதியொன்றில் அத்தகைய வண்டியை ஓட்டி வருகின்றார். சென்ற கோடை விடுமுறையில் யாம் ஊர் சென்றபோது அவர் முகம் வாடியிருந்தது. வண்டி அடிக்கடி பாதி வழியில் நின்றமையால், அவரே அதனைக் கெடுத்தாரென்று குற்றஞ்சாட்டி, விடுதியார் கூலியிற் பிடித்தம் செய்யத் தொடங்கியிருந்தனர்.

“தம்பி, முள் நிறைவைக் காட்டுகிறது, வண்டியோ நின்றுவிடுகிறது. இரண்டில் எது பொய் சொல்லுகிறது? நீ படித்த படிப்பு இதற்கு விடை கூறுமா?” என்று அவர் வினவினார்.

வினா எளிது, விடைக்குச் சற்றுப் பொறுமை வேண்டும். ஈயத் தகடுகளையும் நீர்த்த கந்தகத் திராவகத்தையும் கொண்ட சேமக்கலத்தை 1859ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்துப் பிளாந்தே என்னும் அறிஞர் அமைத்தார். மின்சாரம் செலவாகுங்கால், இருவகைத் தகடுகளின் மீதும் ஈயக் கந்தகை என்னும் உப்புப் படிகின்றது. திராவகம் தன் வலிமை குன்றி நீர்த்துப்போகின்றது. மீண்டும் மின்சாரம் ஏற்றுங்கால் இம்மாறுதல் எதிர்த்திசையில் நிகழ்ந்து, தகடுகளும் திராவகமும் பழைய நிலையை எய்துகின்றன. ஆகவே மின்னிருப்பை அறிய வழிகள் இரண்டு: ஒன்று வோல்ட்டுமானியால் மின்னழுத்தத்தை அளத்தல், மற்றொன்று திரவமானியால் திராவகத்தின் ஒப்படர்த்தியை அளத்தல்.

இங்கே ஓர் உண்மையை மனத்திற் கொள்ளவேண்டும். மின்னழுத்தம் வேறு, மின்னிருப்பு வேறு. பாகூர் ஏரியைக் கொண்டு இதனை விளக்குவோம். சொர்ணாவூர் அணையிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியே தென்பெண்ணையின் நீர் அவ்வேரிக்கு வருகின்றது. ஏரியின் நீர்மட்டம் மின்னழுத்தத்தை ஒக்கும். நீரின் மொத்த அளவு மின்னிருப்பை ஒக்கும். மட்டத்தைக் கண்டு அளவை மதிப்பிடலாம். ஆயினும் மட்டம் நம்மை மூன்று வகையில் ஏமாற்றக்கூடும்.

முதலாவது, மதகைத் திறந்தவுடன் மதகருகே நீர் தாழ்ந்து காணும், மூடியபின் சமனாகும். அதுபோல, வண்டி மேட்டில் ஏறுங்கால் மின்னழுத்தம் வீழ்ந்து, நின்றபின் மீளும். ஓடும் வண்டியின் முள்ளைக் கண்டு அஞ்சுதலும், நின்றவுடன் மீண்டதைக் கண்டு மகிழ்தலும் தவறாம். இரண்டாவது, வாய்க்கால் நீர் பாயும் வாயில் மட்டம் சற்று உயர்ந்தே காணும். அதுபோல, மின்னேற்றிய உடனே அளந்தால் மிகையான எண் கிடைக்கும். ஏற்றியபின் 6 மணி நேரமேனும் வண்டியை ஓய்வில் விட்டு, அதன்பின் அளப்பதே முறை. மூன்றாவது, தூர் மண்டிய ஏரியும் மட்டத்தில் நிறைந்தே தோன்றும். கொள்ளும் நீரோ குறைவு. மின்சாரம் இறங்கிய நிலையிலேயே பல நாள் விடப்பட்ட சேமக்கலத்தில் ஈயக் கந்தகை கெட்டிப்பட்டு, கரையாத தூராகிவிடும். அத்தகைய கலம் காலையில் நிறைவைக் காட்டி, நண்பகலுக்கு முன்னரே வறண்டுபோகும்.

இனி அளவுகளைக் கூறுவோம். எம் பெரியப்பாவின் வண்டி 48 வோல்ட்டு வண்டி. 8 வோல்ட்டுக் கலங்கள் 6 அதில் தொடராக இணைக்கப்பட்டுள்ளன. கலமொன்றுக்கு 4 அறைகளாக மொத்தம் 24 அறைகள். ஓய்விலிருக்கும்போது நிறைந்த அறை ஏறத்தாழ 2.12 வோல்ட்டும், பாதி தீர்ந்த அறை 2.02 வோல்ட்டும் காட்டும். ஆகவே வண்டி முழுமைக்கும் 50.9 வோல்ட்டு நிறைவு, 48.4 வோல்ட்டு பாதி, 46.6 வோல்ட்டு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. நிறைவுக்கும் பாதிக்கும் இடையே வேற்றுமை இரண்டரை வோல்ட்டே! இச்சிறு இடைவெளியைப் பருத்த முள் எங்ஙனம் செவ்வையாகக் காட்டும்? ஒப்படர்த்தியோ நிறைவில் 1.270 அளவிலும், பாதியில் 1.170 அளவிலும் நிற்கும். வெப்ப நாடுகளில் சற்று நீர்த்த திராவகம் இடுவதும் உண்டாதலின், கலத்தைச் செய்தோர் தரும் குறிப்பையும் உடன் வைத்துப் பார்த்தல் நலம்.

கல்லூரி இரசாயன ஆய்வுக்கூடத்திலிருந்து இசைவு பெற்றுக் கொண்டுவந்த திரவமானியோடும், ஒரு வோல்ட்டுமானியோடும் விடிவதற்கு முன் வண்டியருகே சென்றோம். ஆறு கலங்களின் மொத்தம் 50.4 வோல்ட்டு, பத்தில் ஒன்பது பங்கு நிறைவென்று பொருள். முள் கூறியது பொய்யன்று! பின்னர்க் கலங்களைத் தனித்தனியே அளந்தோம். ஐந்து கலங்கள் 8.42, ஆறாவது 8.28. வேற்றுமை அற்பமே. திரவமானியை இட்டபோதுதான் உண்மை வெளிப்பட்டது. மற்ற அறைகளெல்லாம் 1.260 காட்ட, ஆறாவது கலத்தின் ஓர் அறை 1.120 காட்டிற்று. அவ்வறையில் நீர் வற்றித் தகட்டின் தலை வெளியே தெரிந்தது. வண்டியைச் சிறிது தூரம் ஓட்டி அளந்தபோது, மற்றக் கலங்கள் 8 வோல்ட்டளவில் நிற்க, அக்கலம் மட்டும் 6 வோல்ட்டுக்கும் கீழே இறங்கிற்று. தொடராக இணைந்த கலங்களில் மெலிந்ததே அனைத்தின் எல்லையாகின்றது. இருபத்துமூவரின் செல்வம் ஒருவரின் வறுமையை மறைத்துவிட்டது.

தகடு மூழ்கும் அளவுக்குக் காய்ச்சி வடித்த நீரை விட்டு, மெல்லிய ஓட்டத்தில் நெடுநேரம் மின்னேற்றினோம், அவ்வறை 1.220 வரை தேறிற்று. முழுதும் தேறவில்லை. நீர் பார்க்கும் பொறுப்பு ஒருவருக்கும் ஒப்படைக்கப்படாதிருந்ததை விடுதியார் உணர்ந்தனர். கூலிப் பிடித்தம் நின்றது. அன்று முதல் பெரியப்பா ஒரு குறிப்பேடு வைத்திருக்கின்றார். வாரந்தோறும் ஓய்வு நிலையில் ஒவ்வொரு கலத்தின் வோல்ட்டும், மாதந்தோறும் ஒவ்வோர் அறையின் ஒப்படர்த்தியும் அதில் ஏறுகின்றன. ஒரு நாளின் எண்ணைவிட எண்களின் போக்கே நோயை முன்னறிவிக்கும்.

சில எச்சரிக்கைகள்: மின்னேற்றும் இடத்தில் எளிதில் தீப்பற்றும் நீரகவாயு எழுமாதலால் தீயும் புகையும் ஆகா, காற்றோட்டம் வேண்டும். கண்ணுக்கும் கைக்கும் காப்பு வேண்டும். மோதிரத்தைக் கழற்றிவிட வேண்டும். இருப்பு பாதிக்குக் கீழே செல்லுமுன் மின்னேற்றினால் கலம் நெடுநாள் உழைக்கும். இக்காலத்து லித்தியக் கலங்களில், இருப்புப் பெரிதும் குறையும்வரை வோல்ட்டு ஏறத்தாழ மாறாதே நிற்கும். ஆதலின் வரவும் செலவுமாகிய மின்னோட்டத்தைக் கணக்கிடும் கருவியே அவற்றுக்கு உகந்தது.

இத்துறையில் மேலும் பயில விழைவோர்க்குக் காரைக்குடி தொலைவன்று. அழகப்பச் செட்டியார் ஈந்த நிலத்தில், 1948இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1953இல் திறக்கப்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் அங்கு விளங்குகின்றது.

பெரியப்பாவின் வினாவுக்கு யாம் கண்ட விடை இதுவே: முள்ளும் பொய் சொல்லவில்லை, வண்டியும் பொய் சொல்லவில்லை. மொத்தத்தை மட்டும் கேட்டு நின்றோம். ஒவ்வோர் அறையையும் கேட்டிலோம். ஓர் உழைப்பாளியின் மீது குற்றம் சுமத்துமுன் அளந்து பார்த்தல் வேண்டும். அளக்கக் கற்றவர் அதனைப் பிறர்க்குச் செய்து காட்டுதல் கடனாம்.