மூக்கைத் தாண்டினால் எப்வாஸ்

எப்வாஸ் சீஸை முதல்முறை சாப்பிடப் போகிறவரிடம் நான் சொல்வது ஒன்றுதான்: மோந்து பார்க்காதீர்கள். வட்டமான மரப்பெட்டியைத் திறந்ததும் மூக்கை அதன்மேல் கொண்டுபோய் வைக்க எல்லோருக்கும் கை பரபரக்கும். வைத்தீர்களானால் கதை அங்கேயே முடிந்தது. நாள் முழுக்க ஷூவுக்குள் ஊறிய சாக்ஸின் வாடை மண்டைக்கு ஏறிவிடும். அதற்குப் பிறகு நாக்கு என்ன சாட்சி சொன்னாலும் எடுபடாது. பெட்டியைத் திறந்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வேறு வேலை பாருங்கள். பிறகு கத்தி நுனியில் உள்ளிருக்கும் வெளிர்மஞ்சள் குழம்பை மட்டும் கொஞ்சம் எடுத்து, ரொட்டித் துண்டில் தடவி, நேராக வாயில் போடுங்கள்.

நான் குடியிருப்பது பர்கண்டிப் பகுதியின் திஜோன் நகரத்தில். எப்வாஸ் என்ற கிராமம் இங்கிருந்து மேற்கே, காரில் ஒரு மணி நேரம் போல. இந்த சீஸ் ஒரு காலத்தில் ஏறக்குறைய அழிந்தே போனது. 1956இல் பெர்தோ என்ற தம்பதி மறுபடி செய்ய ஆரம்பித்தார்கள். 1991இல் பிரான்சின் பெயர்க் காப்பு கிடைத்தது. செய்முறை கேட்க எளிமையாகத்தான் இருக்கும். பசும்பாலை உறையவைத்து, நீரை வடித்து, உப்பிட்டு, குறைந்தது நான்கு வாரம் பழுக்க வைக்கிறார்கள். அந்த நாட்களில் வாரம் ஒன்றிலிருந்து மூன்று தடவை ஒவ்வொரு வட்டையும் கழுவித் துடைக்கிறார்கள். முதலில் உப்புநீர். பிறகு அந்த நீரில் கொஞ்சம் கொஞ்சமாக ‘மார்’ சேர்கிறது. திராட்சையைப் பிழிந்த சக்கையிலிருந்து வடித்த இந்த ஊர்ச் சாராயம் அது.

நாற்றத்துக்குக் காரணம் இந்தக் கழுவல்தான். ஈரமும் உப்பும் சேர்ந்த மேல்தோலில் பூஞ்சணம் பின்வாங்கி, ஆரஞ்சு நிறப் பாக்டீரியாக்கள் குடியேறுகின்றன. அவற்றில் பேர்போனது பிரெவிபாக்டீரியம் லினென்ஸ். அதன் நெருங்கிய உறவுக்காரப் பாக்டீரியா ஒன்று நம் தோலில், குறிப்பாகக் கால்விரல் இடுக்கில் வாழ்கிறது. இரண்டும் புரதத்தின் மெத்தியோனைனை உடைத்து, மெத்தேன்தயால் என்ற கந்தக வாயுவை வெளிவிடுகின்றன. ஆகவே சாக்ஸ் என்று சொன்னது மிகையில்லை, வேதியியல். மனிதப் பாதத்தை நாடிவரும் அனாஃபிலிஸ் காம்பியே என்ற மலேரியாக் கொசு, இதே வகையைச் சேர்ந்த லிம்பர்கர் சீஸையும் தேடிப் போகிறது என்று பார்ட் நோல்ஸ் என்ற ஆய்வாளர் காட்டினார். அதற்காக அவருக்கும் அவருடைய சகாவுக்கும் 2006இல் இக் நோபல் பரிசு கிடைத்தது. சிரிக்கவைத்துப் பிறகு யோசிக்கவைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் பரிசு அது.

அப்படிப்பட்ட வஸ்து வாய்க்குள் போனதும் எப்படி நல்லதாகிவிடுகிறது? இந்தக் கேள்வி என்னை ரொம்ப நாள் குடைந்திருக்கிறது. உளவியலாளர் பால் ரோசின் 1982இல் எழுதிய ஒரு கட்டுரையில் எனக்குத் திருப்தியான விளக்கம் கிடைத்தது. மணம் நமக்கு இரண்டு வழியாக வருகிறது. ஒன்று, மூச்சை இழுக்கும்போது வெளியிலிருந்து. இன்னொன்று, மெல்லும்போதும் விழுங்கும்போதும் தொண்டையின் பின்புறமாக மூக்குக்கு ஏறுவது. பின்வழியே வருவதை மூளை வாயில் இருக்கும் உணவின் ருசியாகவே எடுத்துக்கொள்கிறது. வெளியே இருக்கும்போது ‘விலகி நில்’ என்று எச்சரிக்கும் அதே வாசனை, உப்போடும் கொழுப்போடும் கலந்து பின்வாசல் வழியாக வரும்போது கறிச்சாறு, வறுத்த கொட்டை, பாலேடு என்று வேறு முகம் காட்டுகிறது. அதனால் இன்னொரு யோசனை: வாயில் வைத்ததும் மூச்சைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். பலரும் பயத்தில் அதைத்தான் செய்கிறார்கள். உப்பு மட்டும் தெரியும், ருசி தெரியாது. வாயை மூடி மெதுவாக மூக்கு வழியே மூச்சை வெளியே விட வேண்டும்.

எங்கள் மாடியில் இருக்கும் பிரெஞ்சுப் பெண்மணி எப்வாஸைக் கரண்டியால் அள்ளிச் சாப்பிடுகிறவர். ஒருநாள் எங்கள் சமையலறையில் பெருங்காய டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு இரண்டடி பின்வாங்கினார். “மன்னிச்சிடுங்க, இதையா சாப்பாட்டில் போடுறீங்க?” என்றார். அதிலும் வில்லன் கந்தகச் சேர்மங்கள்தான். அதை எண்ணெயில் பொரித்துப் போட்ட சாம்பாரைக் கொடுத்தோம். இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக்கொண்டார்.

பெயருக்கும் பங்குண்டு. ரேச்சல் ஹெர்ஸ், யூலியா ஃபான் கிளெஃப் ஆகிய இருவரும் 2001இல் வெளியிட்ட சோதனை ஒன்றில், ஒரே அமிலக் கலவையை ஆட்களுக்கு மோக்கக் கொடுத்தார்கள். பார்மசான் சீஸ் என்று சொன்னபோது பிடித்தது. வாந்தி என்று சொன்னபோது குமட்டியது. அதனால் நண்பர்களுக்குப் பரிமாறும்போது “நாறும், ஆனா நல்லா இருக்கும்” என்று நான் முன்னுரை போடுவதில்லை. “இது பர்கண்டி சீஸ், உள்ளே வெண்ணெய் மாதிரி இருக்கும்” என்றால் போதும்.

நேராக எப்வாஸில் குதிக்க வேண்டியதில்லை. கழுவிய தோல் சீஸ்களிலேயே சாதுவானவை இருக்கின்றன. திஜோனுக்குத் தெற்கே சித்தோ மடத்துத் துறவிகள் செய்யும் சீஸ் அவற்றில் ஒன்று. ஆல்ப்ஸ் பக்கத்து ரெப்லோஷோன் இன்னொன்று. அதற்கடுத்து லாங்ர். பழுக்கும்போது அதைத் திருப்பிப் போடுவதில்லை என்பதால் நடுவில் குழி விழும். அந்தக் குழியில் கொஞ்சம் ஷாம்பெய்ன் ஊற்றிச் சாப்பிடுவார்கள். பிறகு அல்சாஸின் மன்ஸ்தேர். வேகவைத்த உருளைக்கிழங்கும் மேலே தூவிய சீரகமும்தான் அதற்கு ஊர்வழக்கமான துணை. நம் ஆட்களுக்கு நான் பெரும்பாலும் மன்ஸ்தேரிலிருந்துதான் ஆரம்பிப்பேன். சீரகத்தைப் பார்த்ததும் பாதி பயம் போய்விடும்.

வாங்கும்போது கடைக்காரர் “எப்போ சாப்பிடப் போறீங்க?” என்று கேட்பார். சும்மா கேட்பதல்ல, சரியாகப் பதில் சொல்லுங்கள். இன்றிரவுக்கு என்றால் அமுக்கினால் தளர்ந்து கொடுப்பதைத் தருவார். ஞாயிற்றுக்கிழமைக்கு என்றால் கொஞ்சம் விறைப்பானதை. சாப்பிட ஒரு மணி நேரம் முன்பே ஃபிரிட்ஜிலிருந்து வெளியே எடுங்கள். குளிரில் கொழுப்பு இறுகி, மணம் வெளியே வராது, தோலின் கசப்பு மட்டும் தூக்கலாக நிற்கும். பிளாஸ்டிக் உறையில் இறுக்கிச் சுற்றினால் வியர்த்துக் கெடும். கடையில் தந்த காகிதமும் மரப்பெட்டியும் போதும், அதை ஒரு மூடிய டப்பாவில் வைத்து ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டில் வையுங்கள். சாக்ஸ் வாடை சரி, தொழுவ வாடை சரி. கண்ணைக் கரிக்கும் அம்மோனியா நெடி வந்தால் சரியில்லை, காலம் கடந்துவிட்டது. கொஞ்ச நேரம் காற்றாட வைத்தும் போகவில்லை என்றால் தயங்காமல் எறியுங்கள்.

தோலைச் சாப்பிடலாமா என்று கேட்பார்கள். கழுவிய தோலைச் சாப்பிடலாம், நானும் சாப்பிடுகிறேன். முதல்நாளே வேண்டாம், வீரியமெல்லாம் அங்கேதான் இருக்கிறது. கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் நோய் எதிர்ப்பு குறைந்தவர்களும் இந்த வகையைத் தொடவே கூடாது. லிஸ்டீரியா என்ற கிருமிக்கு ஈரமான மென்சீஸ் தோதான இடம், காய்ச்சாத பாலில் செய்ததென்றால் இன்னும் ஆபத்து.

சைவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. ஐரோப்பாவின் பாரம்பரிய சீஸ்களில் பெரும்பாலானவற்றுக்குப் பாலை உறையவைப்பது கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதி. அம்மா இங்கே வந்திருந்தபோது, தட்டை நீட்டுமுன் இதைச் சொல்லிவிட்டேன். “சொன்னியே, புண்ணியமாப் போச்சுடா” என்று தயிரை எடுத்துக்கொண்டார். மறைத்துச் சாப்பிட வைத்துவிட்டுப் பிறகு சிரிக்கிற ஆட்களை எனக்குப் பிடிக்காது. நுண்ணுயிர் நொதியில் செய்தவையும் கடைகளில் கிடைக்கின்றன. லேபிளைப் படிக்க வேண்டும்.

எல்லாம் பழகினால் வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. எங்கள் வீட்டிலேயே என் மனைவிக்கு எப்வாஸ் ஆகாது. அவளுக்கு உயிர் ரோக்ஃபோர். செம்மறி ஆட்டுப்பாலில் நீலப் பூஞ்சணம் ஓடிய அந்த சீஸ், கொம்பாலு மலைக் குகைகளில் பழுக்கிறது. எனக்கோ அது நாக்கில் ஊசி குத்துவதுபோல இருக்கிறது. எத்தனை வருஷமானாலும் சமாதானம் ஆகவில்லை. பையனுக்கு இரண்டும் வேண்டாம், கோந்தே சீஸ் ஒன்று போதும். பிரெஞ்சுக்காரர்கள் எல்லோரும் நாறும் சீஸுக்கு அடிமை என்பதும் சும்மா. லியோனில் ஜான் பியர் ருவாயே குழு 2016இல் வெளியிட்ட ஆய்வில், மீனையோ பதப்படுத்திய இறைச்சியையோ வெறுப்பவர்களைவிட சீஸை வெறுப்பவர்கள் அதிகம் என்று தெரிந்தது. சீஸ் பிடிக்கும் 15 பேரையும் பிடிக்காத 15 பேரையும் ஸ்கேன் கருவியில் படுக்கவைத்து வாசனையை ஊதினார்கள். உணவாசையோடு தொடர்புடைய மூளைப் பகுதி ஒன்று, வெறுப்பவர்களிடம் பசி நேரத்திலும் சீஸுக்கு அசையவில்லை.

ஆகவே விருந்துகளில் சீஸ் தட்டு சுற்றிவரும்போது வேண்டாம் என்றால் வேண்டாம்தான். இனிப்புக்கு முன்னால் வரும் அந்தத் தட்டை மறுப்பது இங்கே மரியாதைக் குறைவே இல்லை. “பழகலேன்னா உனக்கு ருசி தெரியலேன்னு அர்த்தம்” என்று நாறும் சீஸைப் பட்டம் போல நெற்றியில் ஒட்டிக்கொண்டு திரியும் நம்மவர்கள் சிலரைப் பார்த்திருக்கிறேன். அவர்கள்தான் பெரும்பாலும் ப்ரீ சீஸ் துண்டின் கூர்முனையை வெட்டிக்கொள்வார்கள். நன்றாகப் பழுத்த நடுப்பகுதியை ஒருவரே எடுத்துவிட்டு, ஓரத்தை மற்றவர்களுக்கு விடும் அந்தச் செயல்தான் இந்த ஊரில் நிஜமான அநாகரிகம். முனையிலிருந்து ஓரம்வரை நீளவாக்கில் சீவிக்கொள்ள வேண்டும்.

எப்வாஸ் ஒரு பெட்டி கால் கிலோவுக்குக் குறையாது. நான் ஒருவனே அதை முடிக்க முடியாது. மிச்சத்தைத் தோலோடு துண்டுபோட்டு, பாலேட்டில் மிதமான தீயில் கரைத்து, மிளகு தட்டிப்போட்டு, வேகவைத்த உருளைக்கிழங்கின் மேல் ஊற்றுவேன். உப்பு போடத் தேவையில்லை. சூட்டில் வாடை பாதி அடங்கிவிடும். அந்தத் தட்டு மேஜைக்கு வந்தால் மனைவியும் ஒரு கரண்டி எடுத்துக்கொள்வாள். பையன் மட்டும் ஜன்னலைத் திறக்கப் போவான்.