உன் திட்டத்தில் ராகி எங்கே?

அன்புள்ள தம்பி,

பேத்தமங்கலாவில் இருக்கும் உங்கள் தாத்தாவின் நாலு ஏக்கருக்கு நீ எழுதிய மரத் திட்டத்தைப் படித்து முடித்தேன். குழி அளவு, தொழு உரம், கன்று வயது எல்லாம் உனக்குத் தெரிந்தவை, அவற்றில் எனக்குச் சண்டை இல்லை. எரிச்சல் வேறு இடத்தில். கோலார் மண்ணில் நாலு ஏக்கருக்குப் போட்ட திட்டத்தில் ராகி என்ற பெயர் ஒரு தடவைகூட வரவில்லையே!

மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர், ஏக்கருக்கு 450 சந்தனம், சொட்டுநீர். கடைசிப் பக்கத்தில் பதினைந்தாம் ஆண்டு வருமானம் என்று ஒரு கட்டம், அதற்குள் கோடிகள். அந்தப் பதினைந்து ஆண்டும் உங்கள் வீட்டில் எதைக் கொண்டு களி கிண்டுவார்கள்?

நிலம் முழுக்க ஒரே மரம் என்பதை நம் மாவட்டம் ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டது. 1980-களில், உலக வங்கிக் கடனில் சமூகக் காடு வளர்ப்பு நடந்த காலத்தில், ராகி விளைந்த நிலங்களில் நீலகிரி (யூகலிப்டஸ்) ஏறியது. அப்போது நான் நாற்றுப் பண்ணையில் வேலை பார்த்தேன். கன்றுகளை டிராக்டர் டிராக்டராக ஏற்றிப் போனார்கள். விவசாயிகளை முட்டாள்கள் என்று இன்று எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். ஆடு மாடு அந்த இலையைத் தின்னாது, காவல் வேண்டாம், கூலியாள் தேட வேண்டாம். ஏழெட்டு வருஷத்தில் காகிதக் கூழ் ஆலைக்கு ஒரு வெட்டு, அடிக்கட்டை தானே துளிர்த்து மறுபடி ஒரு வெட்டு. ஊரில் இல்லாதவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? 2017-இல் மாநில அரசு புதிதாக நீலகிரி நடக்கூடாது என்று சொன்னபோது, பல இடங்களில் ஆழ்துளைக் கிணறு ஆயிரம் அடியைத் தாண்டியிருந்தது. அதற்கு மரம் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். தக்காளிக்கும் தோட்டப் பயிருக்கும் நாம் இறைத்ததையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

உன் திட்டமும் ஊரில் இல்லாதவன் திட்டம்தான். 2001 பிப்ரவரியில் கோலார் தங்கச் சுரங்கம் மூடியதிலிருந்து மாரிக்குப்பத்தில் விடியுமுன் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகும் பிழைப்பு நம்முடையது. நீயும் அதில் ஒருவன், அது குற்றமில்லை. ஆனால் நீலகிரியை யாரும் திருட மாட்டார்கள். சந்தனம் அப்படியா?

அடுத்த எரிச்சல், ‘துணைச் செடிகள்: நிதி நிலையைப் பொறுத்து இரண்டாம் ஆண்டில்’ என்ற வரி. சந்தனம் பிறர் வேரில் வாய் வைத்துப் பிழைக்கிற மரம். புல்லிலிருந்து மரம்வரை 300-க்கும் மேற்பட்ட செடிகளின் வேரைப் பற்றும். நாற்றுப் பையில் இருக்கும்போதே பொன்னாங்கண்ணி கூட இருக்க வேண்டும். நட்ட வருஷம் துவரை, பிறகு நீண்ட காலத்துக்குச் சவுக்கு. முதல் ஆண்டு அதைத் தனியாக விட்டுவிட்டு, இரண்டாம் ஆண்டு யாருக்குத் துணை வைக்கப் போகிறாய்? இதுபோல் துணையில்லாமல் நட்ட தோட்டங்களில் இலை வெளுத்துப்போய் நிற்கும் கன்றுகளைப் பார்த்திருக்கிறேன். வைத்தவர்கள் யூரியா போட்டுக்கொண்டிருந்தார்கள்!

சொட்டுநீரிலும் அதே அவசரம். தண்ணீரும் உரமும் ஊட்டினால் தண்டு பருக்கும். ஆனால் சந்தனத்தில் விலை மரத்தின் உள்வைரத்துக்குத்தான். அது மேட்டு நிலத்தில், கல்லும் வறட்சியும் கண்டு மெல்ல வளர்ந்த மரத்தில்தான் நன்றாகப் பாயும். முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் கொடு, பிறகு கையை எடுத்துவிடு.

இப்போது ஒன்று சொல்கிறேன், நீயே சிரிப்பாய். நம் பெரியவர்கள் ராகியை எப்படி விதைத்தார்கள்? சில வரிசைக்கு ஒரு அக்கடி சால், அதில் துவரையும் மொச்சையும். சந்தனத்துக்கு முதல் வருஷம் தேவைப்படும் துணை, நீ திட்டத்திலிருந்து துரத்திவிட்ட ராகிக் கொல்லைக்குள்ளேயே நிற்கிறது. வரப்பை ஒட்டி இரண்டு வரிசை சந்தனம், பக்கத்தில் அக்கடித் துவரை, நடுவில் ராகி. வரிசை கிழக்கு மேற்காக ஓடட்டும், நிழல் பெரும்பாலும் மரத்தின் காலடியிலேயே விழும். ஏக்கருக்கு 450 இல்லை, ஐம்பது அறுபது போதும். அவ்வளவைத்தான் உன்னால் காவல் காக்கவும் முடியும்.

கீழண்டை வரப்பில் புங்கம் வை. (சிரிக்காதே, இந்தக் கிழவன் எதைப் பேசினாலும் புங்கத்தில் வந்து நிற்பான் என்று உன் அப்பா சொல்லியிருப்பார்.) மாசியில் இலை உதிர்த்து, சித்திரையில் தளதளவென்று நிற்கும். ஆடு அதிகம் சீண்டாது. விதைப்புக்கு முன் கிளை கழித்துத் தழையை உழவில் மடக்கினால் மண்ணுக்கு உரம், ராகிக்கு வெளிச்சம், இரண்டும் ஒரே அரிவாள் வேலையில் முடிகிறது. உன் முப்பது பக்கத்தில் அரிவாள் எங்கேயும் இல்லை. நடுவதற்கு எட்டுப் பக்கம், கழிப்பதற்கு ஒரு வரிகூட இல்லை. கழிக்காத மரத்தின் நிழல் முதலில் பக்கத்துக் கொல்லைக்காரர் ராகிமேல் விழும், பஞ்சாயத்து அங்கேதான் தொடங்கும்.

என் அப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் மரக்கட்டையால் முட்டுக் கொடுக்கும் டிம்பர் வேலை பார்த்தார், வட ஆற்காட்டிலிருந்து வந்தவர். ஒரு கட்டையைத் தட்டிப் பார்த்து இது திறந்த வெளியில் வளர்ந்தது, இது நெருக்கத்தில் வளர்ந்தது என்பார். பூமிக்கடியில் இரும்பைவிட மரத்தைத்தான் நம்புவாராம். பாரம் ஏறினால் மரம் முறியுமுன் சத்தம் போடும், ஆள் ஓட நேரம் கிடைக்கும். முடிச்சு நிறைந்த கட்டையை மட்டும் ஒதுக்கிவிடுவார், காலத்தில் கிளை கழிக்காதவன் வளர்த்தது என்று திட்டிக்கொண்டே. அந்தத் திட்டுதான் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தது.

ஒன்பதாம் பக்கத்து வரைபடத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பெரிய மழை பெய்த மறுநாள் நிலம் முழுக்க நடந்து, தண்ணீர் எங்கே தேங்கியது, எங்கே வரப்பை அறுத்தது, எந்தப் பழைய நீலகிரி அடிக்கட்டை வரிசையில் மண் கழுவிப்போனது என்று கையால் வரைந்திருக்கிறாய். இப்படி ஒரு படத்தை எந்தத் துறை அதிகாரியும் எனக்குக் காட்டியதில்லை. பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், கஞ்சி ஆறிப்போயிற்று. இதை வரைந்த கைதானா அந்தக் கோடிக் கட்டத்தையும் வரைந்தது?

இனி சட்டமும் காகிதமும். 2001-இல் கர்நாடகச் சட்டம் மாறி, நிலத்துக்காரனுக்கே சந்தனம் சொந்தம் என்று ஆயிற்று. அதற்கு முன் பறவை எச்சத்தில் முளைத்த கன்றைக்கூட, வழக்கு வருமோ என்று பயந்து பிடுங்கி எறிந்தவர்கள் உண்டு. இன்று நடலாம், வெட்ட மட்டும் வனத்துறை அனுமதி வேண்டும். வேரிலும் வைரம் உண்டு, வேரோடுதான் தோண்டி எடுப்பார்கள். அதனால் நட்ட வருஷமே பஹணியில் (நில ஆவணத்தில்) மர எண்ணிக்கையைப் பதிய வை. வனத்துறையின் கிருஷி அரண்ய புரோத்ஸாஹத் திட்டத்தில் நாற்று வாங்கினால் ரசீதைப் பத்திரப்படுத்து. உயிரோடு நிற்கும் கன்றுக்குத்தான் மூன்று வருஷம் பணம் தருவார்கள்.

நீலகிரி அடிக்கட்டைகளை ஜேசிபி வைத்து ஒரேயடியாகப் பிடுங்காதே. உன் படத்தில் மண் கழுவிப்போன அந்த மேல்வரிசையை மட்டும் இந்த வருஷம் விட்டுவிட்டு மற்றவற்றை எடு. விட்ட வரிசையின் துளிர்களை மாதம் ஒருமுறை ஒடித்துவிட்டு வா. திருத்திய திட்டத்தை ஆடிக்கு முன் கொண்டு வா. வரும்போது உங்கள் கொல்லையில் மழைத் தண்ணீர் தேங்கும் பள்ளத்திலிருந்து ஒரு பை மண்ணும் எடுத்து வா. அந்த இடத்தில் சந்தனம் நிற்குமா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

அன்புடன்,
உன் பெரியப்பா முறைக் கிழவன்
ஆண்டர்சன்பேட்டை, கோலார் தங்கவயல்