திறந்த என்பு முறிவும் கிருமித்தொற்றைத் தடுத்தலும்

என்பு முறிந்தும் தோல் கிழியாதிருப்பின் அது மூடிய முறிவு எனப்படும். தோல் கிழிந்து, முறிந்த இடம் வெளிச்சூழலுடன் தொடர்புற்றால் அது திறந்த முறிவாகும். என்பு வெளியே தெரிந்தால்தான் திறந்த முறிவு என எழுதுவது மாணவர் பலர் விடும் தவறு. சிறு காயமொன்றினூடாகவும் பற்றீரியாக்கள் என்பை அடையலாம்.

கணைக்கால் உள்ளென்பின் முன்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். அங்கே தசை இல்லை. தோல் மட்டுமே என்பை மூடியுள்ளது. ஆகவே வீதி விபத்துகளில் இவ்வென்பு திறந்த முறிவுக்கு இலகுவில் உள்ளாகின்றது.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இத்தகைய காயம் பெரும்பாலும் சீழ் பிடிக்கும். உயிரைக் காப்பதற்காகக் காலையே வெட்டியகற்றுவர். 1865 ஓகஸ்ட் 12ஆந் திகதி கிளாஸ்கோ நகர வைத்தியசாலைக்கு 11 வயதுச் சிறுவன் ஜேம்ஸ் கிறீன்லீஸ் கொண்டுவரப்பட்டான். வண்டிச் சில்லு ஏறியதால் அவனது இடது கணைக்காலில் திறந்த முறிவு ஏற்பட்டிருந்தது. அழுகலுக்கு நுண்ணங்கிகளே காரணம் என்னும் லூயி பாஸ்ரரின் கருத்தை அறிந்திருந்த சத்திரசிகிச்சை நிபுணர் ஜோசப் லிஸ்ரர், காபோலிக் அமிலத்தில் தோய்த்த துணியால் காயத்தை மூடி, காலுக்கு மட்டை வைத்துக் கட்டினார். நான்கு நாட்களின் பின் கட்டை அவிழ்த்தபோது சீழ் இல்லை. ஏறத்தாழ ஆறு வாரங்களில் என்பு பொருந்தியது. 1867இல் தம் முடிவுகளை அவர் வெளியிட்டார்.

காபோலிக் அமிலம் உடலிழையங்களையும் தாக்குவதால் இன்று காயத்துக்கு அது பயன்படுத்தப்படுவதில்லை. நோயாளிக்கு இயன்றளவு விரைவில் நுண்ணுயிர்கொல்லி மருந்து ஏற்றப்படும்; ஏற்புவலித் தடுப்பூசியும் கவனிக்கப்படும். சத்திரசிகிச்சைக் கருவிகள் உயர் அமுக்கக் கொதிநீராவியில், பொதுவாக 121 பாகை செல்சியசில், கிருமியழிக்கப்படும். மருத்துவர் மண்ணையும் இறந்த இழையங்களையும் அகற்றி, காயத்தை உப்புக் கரைசலால் நன்கு கழுவுவார். அதன் பின்னரே உலோகக் கோல் அல்லது தகடு கொண்டு என்பு நிலைநிறுத்தப்படும். உலோகத்தின் மேற்பரப்பில் பற்றீரியாக்கள் படையாகப் படிந்துவிட்டால் மருந்தால் அவற்றை அழிப்பது மிகக் கடினம். காயம் மிக அழுக்கானதாயின் முதலில் காலுக்கு வெளியே சட்டமொன்றைப் பொருத்துவதும் உண்டு.

சவர்க்காரத்தால் கழுவினால் இன்னும் நல்லதல்லவா என நீங்கள் கேட்கலாம். 2,400 இற்கும் மேற்பட்ட நோயாளரைக் கொண்டு நடத்தப்பட்டு 2015இல் வெளியான ஆய்வில், சவர்க்காரக் கரைசலால் கழுவப்பட்டவர்களுக்கே மீண்டும் சத்திரசிகிச்சை கூடுதலாகத் தேவைப்பட்டது.

முதலுதவி பற்றி வினவப்பட்டால், வெளித்தள்ளிய என்பை உள்ளே தள்ளக்கூடாது என்பதையும், சுத்தமான துணியால் காயத்தை மூடி, காலை அசையாது வைத்து, வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டும் என்பதையும் கட்டாயம் எழுதுக.

மாதிரி வினா: நுண்ணுயிர்கொல்லி கொடுத்த பின்னரும் இறந்த இழையங்களை அகற்றுவது ஏன்?

விடை: இறந்த இழையத்துக்குக் குருதி செல்வதில்லை. எனவே குருதியில் செல்லும் மருந்தோ வெண்குருதிக் கலங்களோ அங்குள்ள பற்றீரியாக்களை அடையமாட்டா. அவ்விழையத்தை உணவாகக் கொண்டு அவை பெருகும்.