மரத்தின் மேல் மரணம் - ஒரு மரச்செதுக்குப் படம்

சமூக அறிவியலில் மறுமலர்ச்சிக் காலம் என்று படிக்கிறோம் அல்லவா? அந்தக் காலத்துப் படம் ஒன்றைப் பற்றி இப்போது பார்ப்போம். உருவாக்கியவர் உர்ஸ் கிராஃப். சுவிட்சர்லாந்து நாட்டவர். பாசல் நகரத்தில் பொற்கொல்லராக இருந்தவர். படத்தின் ஆண்டு 1524.

மரச்செதுக்கு என்றால் என்ன?

வழவழப்பான பலகையில் முதலில் படம் வரைவார்கள். பிறகு கோடுகளை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடத்தைச் செதுக்கி எடுத்துவிடுவார்கள். கோடு மேடாக நிற்கும். அதில் மை தடவி, தாளை வைத்து அழுத்தினால் படம் விழும். உருளைக்கிழங்கை வெட்டி நாம அச்சு வைக்கிறோமே, அதே மாதிரிதான்! பலகையில் இடப்பக்கம் இருப்பது தாளில் வலப்பக்கம் வரும். ஒரே பலகையில் நிறைய படங்கள் எடுக்கலாம்.

1521-இல் கிராஃப் இதையே மாற்றிச் செய்தார். கொடி பிடித்த சுவிஸ் வீரர்களைச் செதுக்கும்போது கோட்டையே குழியாக வெட்டினார். அச்சில் கறுப்பு நிறத்தின் மேல் வெள்ளைக் கோடு விழுந்தது. கரும்பலகையில் சாக்பீஸால் வரைந்த மாதிரி!

படத்தில் என்ன இருக்கிறது?

இரண்டு கூலிப்படை வீரர்கள் நிற்கிறார்கள். ஒருவர் சுவிஸ்காரர், இன்னொருவர் ஜெர்மானியர். துணியெல்லாம் கீறிக் கீறி இருக்கும். கிழிஞ்சது இல்லை. அந்தக் காலத்தில் அதுதான் நாகரிகம். பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். மரத்தின் மேலே பார்த்தால் எலும்புக்கூடு! கையில் மணற்கடிகாரம். அதுதான் மரணம். கீழே இருப்பவர்கள் அதைக் கவனிக்கவே இல்லை.

இவர்கள் யார்?

சம்பளம் கொடுக்கும் அரசருக்காகச் சண்டை போடுபவர்கள். ஜெர்மானிய வீரர்களுக்கு லான்ட்ஸ்க்னெக்ட் என்று பெயர். மாதச் சம்பளம் பொதுவாக 4 குல்டன். 1515-இல் இத்தாலியில் மரிஞானோ என்ற ஊரில் பெரிய போர் நடந்தது. சுவிஸ் வீரர்கள் ஒரு பக்கம். பிரெஞ்சு அரசரிடம் சம்பளம் வாங்கிய ஜெர்மானியர்கள் எதிர்ப்பக்கம். இரண்டு நாள் போரில் ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். சுவிஸ் படை தோற்றது. அங்கே இருந்த சுவிங்லி என்ற பாதிரியார் பிறகு கூலிப்படைக்கு எதிராகப் பேசினார். 1522-இல் சூரிச் நகரம் கூலிப்படைக்கு ஆள் போவதைத் தடை செய்தது.

கிராஃப்பும் கூலிப்படையில் போய் வந்தவர்தான். தன் பெயரெழுத்தோடு ஒரு குத்துவாளையும் சேர்த்துப் போடுவார். அப்படிப்பட்டவரே மரணத்தை மரத்தில் உட்கார வைத்திருக்கிறார். எதிரெதிரே நின்று சண்டை போடும் இரண்டு பேருக்கும் மேலே இருப்பது ஒரே மரணம்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சம்பளம் கொடுத்த அரசர் இந்தப் படத்தில் எங்கேயும் இல்லை. அவர் தலைக்கு மேல் மணல் கொட்டவில்லை!

யோசித்துப் பதில் சொல்லுங்கள்:
1. பலகையில் நம் பெயரைச் செதுக்க வேண்டுமானால் எப்படி எழுத வேண்டும்?
2. வெள்ளைக் கோடு விழ எதைச் செதுக்க வேண்டும்?
3. அந்த இரண்டு வீரர்களுக்குள் உண்மையில் என்ன பகை?

- ஒன்பதாம் வகுப்பு மாணவி