தட்டு அலமாரிக்குத் துணி உறை

ஜவுளி வியாபாரிகளான நமக்குத் துணியைக் கிழித்துக் கொடுக்கத் தெரியும். தைக்கிற வேலையைத் தையற்காரரிடம் விட்டுவிடுவோம். நானும் இருபது வருஷம் அப்படித்தான் இருந்தேன். ஆனால் வீட்டுத் தட்டு அலமாரிக்கு ஓர் உறை தைக்கத் தையற்காரர் வேண்டியதில்லை. அத்தனையும் நேர்த்தையல்தான். அளவு சரியாக இருக்க வேண்டும், அவ்வளவே.

பினாங்கில் கடைக்கு மேல் மாடியில் எங்கள் குடித்தனம். தெருப் புழுதி அஞ்சடியைத் தாண்டி மாடிக்கும் ஏறிவிடும். கதவில்லாத மர அலமாரியில் மடித்து வைத்த துணிகளைக் காக்க நான் முதலில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக் கட்டினேன். புழுதி நின்றது, காற்றும் நின்றது. இதுவோ வருஷம் முழுவதும் காற்றில் ஈரம் இருக்கும் ஊர். மூன்று மாதம் கழித்துப் பிரித்துப் பார்த்தபோது, மர்ஹூமா உம்மாவின் வெள்ளைத் துப்பட்டியில் மடிப்புக்கு மடிப்பு கரும்புள்ளிகள். பூசணம் பிடித்துவிட்டது. எலுமிச்சையும் வெயிலும் வைத்துப் பார்த்தோம், பாதிதான் போயிற்று.

ஆகவே உறைக்குப் பருத்தித் துணியே ஏற்றது. நெருக்கமாக நெய்த பாப்ளின் அல்லது காடா புழுதியைத் தடுக்கும், காற்றை விடும். ரப்பர் பூசிய துணியும் பிளாஸ்டிக் தாளும் இதற்கு ஆகா.

இரண்டாவது விஷயத்தில்தான் என் மானம் போயிற்று. துணி வாங்க வருகிறவர்களிடம், "நனைத்துக் காயப்போட்டுப் பிறகு வெட்டுங்கள்" என்று தினமும் சொல்கிறவன் நான். என் வீட்டு உறையை நனைக்காமலே வெட்டித் தைத்தேன். முதல் சலவையில் இரண்டு அங்குலத்துக்கு மேல் சுருங்கி, அலமாரியின் தலையில் மாட்டவே இல்லை. "கடைக்கு வருகிறவர்களுக்குச் சொல்லுகிற புத்தியை மாடிக்கும் கொஞ்சம் கொண்டு வந்திருக்கலாம்" என்றார் என் வீட்டார். பதில் சொல்ல வாயில்லை. பருத்தி நூறு அங்குலத்துக்கு மூன்று முதல் ஐந்து அங்குலம் வரை சுருங்கக்கூடும். சாயத் துணியானால் நனைத்த பின் வெள்ளைக் கந்தல் ஒன்றை அதன்மேல் அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அந்தத் துணி உள்ளேயிருக்கும் வெள்ளைத் துணிகளுக்குப் பகை.

இனி கணக்குக்கு வருவோம். எங்கள் அலமாரி 36 அங்குல அகலம், 15 அங்குல ஆழம், 60 அங்குல உயரம். 44 அங்குல அகலத் துணியில் 4¼ மீட்டர் எடுத்தேன். நனைத்து இஸ்திரி போட்ட பின் அகலம் 43 ஆயிற்று. அதிலிருந்து 60 அங்குல நீளத்தில் இரண்டு துண்டு; தலைக்கு 38க்கு 17 அங்குலத்தில் ஒன்று; பின்பக்கத்துக்கு 38க்கு 8 அங்குலத்தில் ஒரு பட்டை. தலைத்துண்டில் நாலு பக்கமும் அரை அங்குலம் தையலுக்கு, அரை அங்குலம் தளர்வுக்கு. பின்புறம் சுவரோரமாக இருப்பதால் முழுவதும் மூட வேண்டியதில்லை. பட்டை பிடித்துக்கொண்டால் போதும், துணியும் மிச்சம்.

நீளத் துண்டு இரண்டையும் முழு அகலத்திலேயே விட்டுவிடுங்கள். ஒவ்வொன்றும் ஒரு பக்கத்தையும் முன்புறத்தில் பாதியையும் மூடும். இரு ஓரத்திலும் நெய்த கரை இருப்பதால் மடித்து அடிக்கும் வேலை இல்லை. நம் தொழில் அறிவு உதவுகிற இடம் இதுதான்! கரையைக் கிழித்தெறிந்துவிட்டுப் பிறகு ஓரம் மடிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

முதலில் அடிவிளிம்புகளை ஒன்றரை அங்குலம் மடித்து அடியுங்கள். பிறகு பட்டையின் இரு முனைகளிலும் நீளத் துண்டுகளை இணையுங்கள். இந்தத் தையலை மேல்விளிம்புக்கு அரை அங்குலம் முன்பே நிறுத்திவிட வேண்டும், அப்போதுதான் மூலை விரிந்து கொடுக்கும். அங்கிருந்து 16 அங்குலம் அளந்தால் முன்மூலை. அந்த இடத்தில் தையலுக்கு விட்ட அரை அங்குலத்தில் மட்டும் கத்தரியால் ஒரு சிறு வெட்டுக் கொடுங்கள். இதை விட்டால் மூலை சுருக்கு விழுந்து கோணிக்கொள்ளும். மீதமிருப்பது 26½ அங்குலம். முன்பாதிக்கு 18½, ஒன்றன்மேல் ஒன்று ஏற இரண்டு, ஆக 20½ போக ஆறு அங்குலம் எஞ்சுகிறது. அதை இரண்டிரண்டு அங்குலமாக மூன்று மடிப்பு வையுங்கள். எல்லாவற்றையும் குண்டூசியால் தலைத்துண்டோடு பிடித்து, மறுபுறம் அலமாரியில் ஒருமுறை மாட்டிப் பார்த்த பிறகே மெஷினில் வையுங்கள்.

உறை தரைக்கு இரண்டு அங்குலம் மேலே நிற்கும். தரை துடைக்கும் ஈரம் அதில் ஏறாது. கரப்பான் வந்தாலும் கண்ணில் படும். அலமாரியையும் சுவரிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி வைத்திருக்கிறோம்.

தலைத்துண்டின் பக்கத்தில் மிஞ்சிய ஐந்து அங்குலத் துண்டில் நாலு நாடா தைத்தார் என் வீட்டார். மழையில்லாத நாளில் முன்திரையைச் சுருட்டி அந்த நாடாவால் கட்டி, லுஹர் வரை காற்றாட விடுகிறோம். உம்மாவின் துப்பட்டி மேல்தட்டில், கைக்கு எட்டும்படி இருக்கிறது.