ஆடியோ சாக்கெட்: உழைக்கும் ரகத்தைப் பார்த்து வாங்குவது எப்படி?

நம் சங்கத்து உறுப்பினர்களில் மின்னணு உதிரிபாகம், ஆம்பிளிபயர், மைக்செட் சாமான், செல்போன் துணைப்பொருள் விற்பவர்கள் பலர் உண்டு. இவர்கள் எல்லோர் கடையிலும் டப்பா டப்பாவாக இருக்கும் ஒரு சிறு உருப்படி ஆடியோ சாக்கெட். விலையில் அது கடைசி வரிசை. திரும்பி வரும் சரக்கிலோ முதல் வரிசை. "ஒரு பக்கம் மட்டும் கேட்கிறது", "பின்னை ஆட்டினால்தான் பாடுகிறது", "ஸ்பீக்கர் திடீரென்று ஊமையாகிவிட்டது" என்று வரும் புகார்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்தச் சாக்கெட்டோ, அதில் செருகும் பின்னோதான் காரணம். ஆகவே இதன் அமைப்பை நாம் ஒருமுறை தெளிவாகத் தெரிந்துகொள்வது கொள்முதலுக்கும் நல்லது, பேருக்கும் நல்லது.

பெயரும் வகையும்

கடைவீதியில் பி-38 என்று கேட்பது 6.35 மி.மீ. பின். ஈ.பி. என்று கேட்பது 3.5 மி.மீ. பின். இரண்டும் ஒரே வம்சம். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொலைபேசி இணைப்பகங்களில், ஒரு சந்தாதாரரின் கம்பியை இன்னொருவருடன் சேர்ப்பதற்காகப் பெரிய பின் வந்தது. அதன் சிறிய வடிவம் டிரான்சிஸ்டர் ரேடியோக்களில் இடம்பிடித்தது. 1979-இல் சோனி வாக்மேன் வந்த பிறகு 3.5 மி.மீ. ஸ்டீரியோ பின் உலகமெங்கும் பரவியது. 2016-இல் ஐபோன் 7 இந்தத் துளையை எடுத்துவிட்டது. வேறு பல செல்போன்களும் அவ்வழியே போயின. ஆனாலும் ஆம்பிளிபயர், மிக்சர், கீபோர்டு, கம்ப்யூட்டர், ரேடியோ ஆகியவற்றில் இதற்கு இன்றும் தேவை இருக்கிறது.

பின்னில் கறுப்புக் கோடுகளை எண்ணினால் வகை தெரியும். ஒரு கோடு என்றால் மோனோ, இரண்டு என்றால் ஸ்டீரியோ, மூன்று என்றால் மைக்குடன் கூடிய ஸ்டீரியோ. மூன்று கோட்டுப் பின்னில் மட்டும் ஒரு சங்கதி கவனிக்க வேண்டும். சி.டி.ஐ.ஏ., ஓ.எம்.டி.பி. என்று இரண்டு முறைகள் உள்ளன. மைக்கும் எர்த்தும் இவற்றில் இடம் மாறியிருக்கும். மாற்றிச் செருகினால் மைக் வேலை செய்யாது, பாட்டில் குரல் மங்கிப்போகும். இது பழுது அல்ல, பொருத்தமின்மை. கேட்டு விற்றால் பாதி ரிட்டர்ன் குறையும்.

எங்கே பழுதாகிறது?

சாக்கெட் சாவது மூன்று இடங்களில்.

முதலாவது, சால்டர் பற்று. செருகிய பின் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்; அதில் வயரும் தொங்கும். யாராவது வயரைப் பக்கவாட்டில் இழுத்தால், கடப்பாரையால் கல்லைப் புரட்டுவதுபோல அந்தப் பின் சாக்கெட்டைப் புரட்டப் பார்க்கிறது. அந்த விசை முழுவதும் போர்டில் பற்றவைத்த சின்னக் கால்களில் விழுந்தால், பற்று மெல்ல மெல்ல விரிந்துவிடும். ஆட்டினால் பாடுவதன் ரகசியம் பெரும்பாலும் இதுதான்.

இரண்டாவது, ஸ்பிரிங் தகடு. உள்ளே இருக்கும் தகடு ஒவ்வொரு முறையும் வளைந்து, மீண்டும் பழைய இடத்துக்கு வர வேண்டும். பாஸ்பர் பிரான்ஸ் தகடு அப்படி நெடுநாள் உழைக்கும். மெல்லிய பித்தளைத் தகடு சீக்கிரம் சோர்ந்து, பின்னை விட்டு விலகி நிற்கும். பின் செருகியதும் ஸ்பீக்கரை நிறுத்தும் சுவிட்ச் தகடு சில சாக்கெட்டுகளில் உண்டு. அது திரும்பி வந்து ஒட்டாவிட்டாலோ, களிம்பு பிடித்தாலோ, பின்னை எடுத்த பிறகும் ஸ்பீக்கர் பேசாது. நல்ல ஸ்பீக்கரைக் கழற்றிப் புதிதாகப் போட்டும் பலனிருக்காது.

மூன்றாவது, முலாம். வியர்வையும் ஈரக்காற்றும் பட்டு உலோகம் கறுத்தால் கரகர சத்தம் வரும். நிக்கல் முலாம் சாதாரண உபயோகத்துக்குப் போதும். தங்கம் கறுக்காது, ஆனால் அடியில் நிக்கல் பூச்சு இல்லாமல், மேலே பெயருக்குப் பூசிய தங்கம் சில மாதங்களில் தேய்ந்துவிடும். மஞ்சள் நிறத்தை மட்டும் பார்த்து அதிக விலை கொடுக்க வேண்டாம்.

நல்ல அமைப்பு எப்படி இருக்கும்?

சுருக்கமாகச் சொன்னால், பாரத்தைக் கூடு தாங்க வேண்டும், தகடு தொடுகிற வேலையை மட்டும் செய்ய வேண்டும். கழுத்தில் மரையும் நட்டும் உள்ள சாக்கெட்டைக் கேபினெட்டோடு இறுக்கினால், இழுப்பு முழுவதும் கேபினெட்டுக்குப் போய்விடும். போர்டில் பொருத்தும் ரகமானால், பிளாஸ்டிக் கூட்டின் அடியில் இரண்டு முளைகள் இருந்து போர்டின் துளையில் உட்கார வேண்டும். கால்கள் போர்டைத் துளைத்து மறுபக்கம் பற்றவைக்கப்பட வேண்டும். மேலாக ஒட்டும் ரகத்தில் இந்த முளைகள் இன்னும் அவசியம்.

பெரிய தயாரிப்பாளர்களின் டேட்டா ஷீட்டில், 5,000 முறை செருகி எடுக்கலாம் என்று போட்டிருப்பது வழக்கம். ஒரு நாளைக்கு நான்கு முறை என்று வைத்தாலும் மூன்று ஆண்டுகளுக்கு மேல் வரும்.

கடையிலேயே செய்யும் சோதனைகள்

சாம்பிள் வந்ததும் பத்து உருப்படிகளை எடுத்து இவற்றைச் செய்து பார்க்கலாம்.

1. காந்தம்: கால்களிலும் தகட்டிலும் காந்தத்தை வையுங்கள். சட்டென்று பிடித்துக்கொண்டால் இரும்புத் தகடு. நிக்கல் முலாம் இருந்தால் லேசான இழுப்பு மட்டும் தெரியலாம், அது குற்றமில்லை.

2. பிடிப்பு: ஐம்பது முறை செருகி எடுங்கள். கடைசி முறையும் முதல் முறை போலவே 'டக்' என்று உட்கார வேண்டும். பின்னை ஓர் இரவு செருகியே வைத்து, காலையில் எடுத்து மறுபடி செருகிப் பாருங்கள். பிடிப்புத் தளர்ந்திருந்தால் தகடு சரியில்லை.

3. சுழற்றல்: மல்டிமீட்டரைக் குறைந்த ஓம் அளவில் வைத்து, பின்னை ஒரு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். முள்ளோ எண்ணோ குதிக்கக் கூடாது. சுவிட்ச் தகடு இருந்தால், பின் உள்ளே போனதும் தொடர்பு அறுந்து, வெளியே வந்ததும் சேர வேண்டும்.

4. சூடு: ஒரு காலில் சால்டரிங் அயர்னை மூன்று விநாடி வையுங்கள். ஆறிய பின் கால் ஆடினால் பிளாஸ்டிக் இளகிவிட்டது என்று பொருள். ஈயம் கலந்த 63/37 சால்டர் 183 டிகிரியில் உருகும். ஈயமில்லாச் சால்டருக்கு ஏறத்தாழ 217 டிகிரி வேண்டும். எனவே இன்றைய சால்டருக்கு இன்னும் நல்ல பிளாஸ்டிக் அவசியம்.

5. பக்க இழுப்பு: ஒரு துண்டுப் போர்டில் பற்றவைத்து, பின்னை நான்கு பக்கமும் அழுத்துங்கள். கூடு போர்டை விட்டு எழும்பினால் அந்த ரகம் வேண்டாம்.

கணக்கு

ஒரு ரகம் 4 ரூபாய், இன்னொன்று 6 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரத்துக்கு 2,000 ரூபாய் வித்தியாசம். மலிவு ரகத்தில் முப்பது திரும்பினால், மாற்றிக் கொடுக்க நமக்கு 120 ரூபாய்தான். மேலோட்டமாகப் பார்த்தால் மலிவே லாபம். ஆனால் அந்த முப்பதையும் சிற்றூர் மெக்கானிக் ஒருவர் பொருத்திக் கொடுத்திருப்பார். ஒன்றுக்கு 100 ரூபாய்க் கூலி என்றால், 3,000 ரூபாய் வேலையை அவர் மறுபடி இலவசமாகச் செய்ய வேண்டும். வாடிக்கையாளர் அவரைத்தான் ஏசுவார், நம்மை அல்ல. அந்த நஷ்டம் நம் பேரேட்டில் ஏறாது. அவர் வேறு கடைக்குப் போன பிறகுதான் நமக்குத் தெரியும்.

இன்னொன்றையும் நாம் யோசிக்க வேண்டும். "ஐம்பது பைசா குறையுங்கள்" என்று மொத்தமாக ஆர்டர் கொடுக்கும்போது, தயாரிப்பாளர் எதைக் குறைப்பார்? தகட்டின் கனத்தையும் முலாமையும் அடி முளையையும்தான். அந்த வகையில் சாக்கெட்டின் அமைப்பைத் தீர்மானிப்பதில் நமக்கும் பங்குண்டு. ஆகவே விலை பேசும்போதே தகடு எந்த உலோகம், முலாம் என்ன, எத்தனை முறை செருகலாம் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தேறிய சாம்பிளில் இரண்டைத் தேதி எழுதிப் பத்திரப்படுத்தி, அடுத்த லாட் வந்ததும் ஒப்பிடுங்கள். மலிவு ரகத்துக்கும் கிராக்கி உண்டுதான். விற்கலாம்; ஆனால் இரண்டையும் தனித்தனி டப்பாவில் வைத்து, எது எந்த ரகம் என்று சொல்லியே விற்போம்.