மருந்து வாங்கும் இடத்தில் ஒரு கேள்வி



சம்பள நாளுக்கு மறுநாள் டவுன் பாமசிக்குப் போய்ப் பாருங்கள். வரிசையில் நிற்பவர்களில் இருமலுக்குப் பாணி மருந்து கேட்பவர்கள் எத்தனை பேர்! நமது தோட்ட டிஸ்பென்சரியிலும் இதே கதைதான். "மலைநாட்டுக் குளிர், இருமத்தான் செய்யும்" என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் ஒரு பையில் பாணிப் போத்தலும் மறு பையில் பீடிக்கட்டுமாக பஸ் ஏறுகிறவர்களும் நம்மில் உண்டு. ஒரு பை இருமலைக் குறைக்கப் பார்க்கிறது. மறு பை அதை வளர்க்கிறது.

இந்த இடத்தில்தான் மருந்து கொடுப்பவர் கேட்கும் ஒரு கேள்வி பெரிய உதவியாக அமையும்.

நாங்கள் கற்ற பாடம்

நலன்புரி வேலையில் சேர்ந்த புதிதில் நாங்கள் பிரட்டுக்களத்தில் கூட்டம் வைத்தோம். படம் ஒட்டினோம். "புகையை விடுங்கள்" என்று தொண்டை கட்டும்வரை பேசினோம். கேட்டவர்கள் தலையாட்டினார்கள், வெளியே போய்ப் பற்றவைத்தார்கள். கவ்வாத்து வெட்டும் ஒருவர் மட்டும் எங்களிடம் வந்து, "ஐயா, விடு விடுன்னு எல்லாரும் சொல்றீங்க. எப்படி விடுறதுன்னு ஒருத்தரும் சொல்லலியே" என்றார். எங்களுக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவர் கேட்டதற்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறோம்.

ஏன் மருந்துக் கடையில்?

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் அரைப்பேர் போய்விடும். அங்கே டொக்டருக்கும் நின்று பேச நேரமில்லை. பிரஷர், சீனி, இழுப்பு மருந்துக்காக மாதா மாதம் நாம் பார்க்கும் முகம் மருந்து கொடுப்பவர்தான். பழகிய முகம் கேட்டால் மனம் திறக்கும்.

எப்படிக் கேட்பது?

"இந்த வயசிலும் பீடியா? சாகப் போறீங்க!" என்று கேட்டால் அந்த மனிதர் அடுத்த மாதம் வேறு கடைக்குப் போவார். இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

"ஐயா, இந்த இருமல் எத்தனை நாளா இருக்கு?"
"அது ஒரு மாசமா இருக்கு மகள்."
"பீடி, சிகரட் ஏதும் குடிக்கிறீங்களா?"
"ஒரு நாளைக்கு ஒரு கட்டு போகும்."
"காலையில எழும்பி எவ்வளவு நேரத்தில முதல் பீடி?"
"எழும்பின உடனேதான்."
"விடணும்னு யோசிச்சதுண்டா?"
"ரெண்டு தரம் விட்டேன். மூணாம் நாள் தாங்க முடியல்ல."

இவ்வளவுதான். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. ஆனால் மூன்று விஷயம் தெரிந்துவிட்டது.

ஒன்று: இருமல் இரண்டு கிழமைக்கு மேல் இருக்கிறது. இதற்குப் பாணி போதாது. சளி சோதித்துக் காசநோய் இல்லையென்று உறுதிசெய்ய அரசாங்க மார்புச் சிகிச்சை நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே காசு இல்லை.

இரண்டு: எழும்பி அரை மணித்தியாலத்துக்குள் பற்றவைப்பவரை நிக்கொட்டின் கெட்டியாகப் பிடித்திருக்கிறது.

மூன்று: அவருக்கு விட விருப்பம் இருக்கிறது. மூன்றாம் நாளுக்குத்தான் துணை வேண்டும்.

மூன்றாம் நாள் ஏன் கஷ்டம்?

இழுத்த புகையின் நிக்கொட்டின் சில விநாடிகளில் மூளைக்குப் போய்விடும். பழகிய மூளை அது கிடைக்காவிட்டால் கோபம், தூக்கமின்மை, பதற்றம் என்று காட்டும். முதல் இரண்டு, மூன்று நாள்தான் மோசம். இரண்டு முதல் நாலு கிழமையில் பெரும்பாலும் தணிந்துவிடும். ஒவ்வொரு தடவை வரும் ஆசையும் சில நிமிஷமே. அந்த நேரத்தில் தண்ணீர் குடியுங்கள், நடந்துவிட்டு வாருங்கள், யாரோடாவது பேசுங்கள். இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் மனுஷன் பயப்பட மாட்டான்.

மருந்து உண்டா?

உண்டு. நிக்கொட்டின் சுவிங்கம் 2, 4 மில்லிகிராம் என இரண்டு அளவில் வருகிறது. எழும்பி அரை மணித்தியாலத்துக்குள் புகைப்பவருக்கு 4. உலக சுகாதார அமைப்பு 2009இல் நிக்கொட்டின் மாற்று மருந்தை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. எல்லாக் கடையிலும் இருக்காது, கேட்டுப் பாருங்கள்.

சும்மா மென்று துப்பும் மிட்டாய் அல்ல அது. மெதுவாக மென்று, காரம் வந்ததும் கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் போனதும் மறுபடி மெல்ல வேண்டும். அரை மணித்தியாலம் இப்படி. கால் மணி முன்பிருந்தே தேத்தண்ணியும் சாப்பாடும் கூடாது. கர்ப்பிணிகளும் அண்மையில் மாரடைப்பு வந்தவர்களும் டொக்டரைக் கேளாமல் எடுக்கக்கூடாது.

இன்னொன்று. இழுப்புக்குத் தியோபிலின் குளிசை எடுப்பவர் புகையை விட்டால் மருந்தின் அளவைக் குறைக்க வேண்டி வரலாம். எனவே விட்டதை டொக்டரிடமும் பாமசியிலும் கட்டாயம் சொல்லுங்கள்.

சுவிங்கம் வாங்க வசதியில்லையா? விடும் நாளைக் குறித்து, மூன்றாம் நாள் வந்து முகம் காட்டச் சொல்வதே ஒரு மருந்துதான். "எப்படி ஐயா, தாங்குறீங்களா?" என்ற ஒரு வார்த்தைக்காகவே சிலர் பீடியைத் தொடாமல் இருப்பார்கள்.

வீட்டில் நாம் செய்ய வேண்டியது

லயத்துக் காம்பராவில் ஒருவர் விடும் புகையைக் கைக்குழந்தையும் சேர்த்துத்தான் இழுக்கிறது. பிள்ளையைக் கடைக்கு அனுப்பி பீடி வாங்கவே கூடாது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலை விற்பது குற்றம்.

கணக்கும் போட்டுப் பாருங்கள். நாளுக்கு 200 ரூபா புகைக்குப் போனால் வருஷத்துக்கு 73,000 ரூபா. பிள்ளையின் சப்பாத்தும் புத்தகமும் அதற்குள் அடங்கும்.

விட்டவர் மறுபடி ஒன்று பற்றவைத்துவிட்டால் ஏசாதீர்கள். கொழுந்து கிள்ளவும் ஒரே நாளில் யாரும் பழகவில்லை. பல தரம் முயன்றே பலர் விடுகிறார்கள்.

பேசிப் பாருங்கள்

1. நம் வீட்டில் இரண்டு கிழமைக்கு மேல் இருமுபவர் யார்? சளி சோதித்தாயிற்றா?
2. அடுத்த தடவை மருந்து வாங்கும்போது, "நான் புகைக்கிறேன், விட வழி சொல்லுங்கள்" என்று கேட்பீர்களா?
3. மூன்றாம் நாள் அவர் பக்கத்தில் இருக்கப் போவது யார்?

மருந்து கொடுப்பவர் கேட்க மறந்தாலும் நாம் சொல்ல மறக்க வேண்டாம்.